கூத்தின் ஒலி பைலட் டிராக் அல்ல

களத்தில் பதிவான ஒலிக்கோப்புகளைப் படத்தொகுப்புக்குக் கொடுப்பதற்கு முன் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம் அவற்றை எம்பி3 ஆக மாற்றுவதுதான். கோப்பு பெரிதாக இருக்கிறது, அனுப்பச் சிரமம், காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்று மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது காரணத்தோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. முகவீணையின் கூர்மை மழுங்குகிறதா இல்லையா என்பதை நல்ல காது படைத்தவர்கள் தமக்குள் விவாதித்துக்கொள்ளட்டும். எம் சண்டை வேறு. அந்த மாற்றத்தில் ஓசையின் நயம் குறைவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நேர்கிறது; அவ்வோசை எந்த நேரத்தில் எழுந்தது என்ற செய்தி அழிகிறது. தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, உடுக்கடிப் பாட்டு, ஒப்பாரி என்று வாய்மொழி மரபைப் பதிவுசெய்யப் புறப்பட்டிருக்கும் எவரும் இதைத் தொழில்நுட்பக்காரர்களின் சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிட இயலாது.

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தொழில்முறை ஒலிப்பதிவுக் கருவி எழுதுகிற வேவ் கோப்பில் ஒலியோடு ஒரு சிறு குறிப்பேடும் சேர்ந்திருக்கிறது. 1997இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் என்னும் வடிவம் அது. குறிப்பேட்டின் பெயர் பெக்ஸ்ட். பதிவைப் பற்றிய விவரணைக்கு 256 எழுத்துகள், பதிந்தவரின் அல்லது கருவியின் பெயருக்கு 32, தேதிக்கு 10, மணிக்கு 8 என்று அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். (ஆங்கில எழுத்துகளுக்கான இடம்தான். தமிழைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. அது தனிக் கதை.) இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் எண் இருக்கிறது. நள்ளிரவு தொடங்கி இக்கோப்பின் முதல் துளி ஒலி வரைக்கும் எத்தனை சாம்பிள்கள் கடந்திருக்கின்றன என்ற கணக்கு அது. நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம் பதிந்தால், இரவு சரியாகப் 10 மணிக்குத் தொடங்கும் கோப்பில் அந்த எண் 380 கோடியே 16 லட்சம்.

ஒலிப்பதிவுக் கருவியோடு கடிகாரம் பொருத்தப்பட்ட கேமரா, தன் பங்குக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என நான்கு இரட்டை எண்களை எழுதிக்கொண்டே போகிறது. டைம்கோட் என்று தொழிலில் வழங்குவது இதைத்தான். நாங்கள் நேரக்குறி என்போம். நம் நாட்டுத் தொலைக்காட்சி வழக்கப்படி நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமுக்கு 1,920 சாம்பிள், மிச்சமில்லாத கணக்கு. தொகுப்பு மென்பொருள் இரண்டு எண்களையும் பார்த்துப் படத்தையும் ஒலியையும் தானே பொருத்திக்கொள்ளும். எட்டு மணி நேரக் கூத்து சில நிமிடங்களில் டைம்லைனில் விரிந்துவிடும்.

எம்பி3 ஆக்கும்போது இந்தக் குறிப்பேடு உதிர்ந்துவிடுகிறது. கோப்பு பூச்சியத்திலிருந்து தொடங்குவதாகவே தொகுப்பு மென்பொருள் கொள்ளும். மாற்றும் மென்பொருள் முன்னால் ஏறத்தாழ ஆயிரம் சாம்பிள் மௌனத்தையும் சேர்த்துவிடுகிறது. அரை ஃபிரேம்தான், பொறுத்துக்கொள்ளலாம். நடிகருக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என்று நான்கு மைக் வைத்து நான்கு தடங்களில் எடுத்ததை இரண்டாகக் கலந்துவிடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கலந்ததைப் பிரிக்க எந்த மந்திரமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை.

எம்பி3 வேண்டாம், வேவ் ஆகவே தருகிறோம் என்பவர்களும் தப்பவில்லை. இசைத்தட்டுக் காலத்துப் பழக்கத்தில் 48,000ஐ 44,100 ஆக மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறிப்பேட்டில் இருப்பது சாம்பிள் எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. வேகத்தை மாற்றியவர் அந்த எண்ணையும் திருத்தி எழுதாவிட்டால், 380 கோடியே 16 லட்சத்தை மென்பொருள் 44,100ஆல் வகுக்கும். இரவு 10 மணிக்குப் பாடிய பாட்டு 11 மணி 56 நிமிடம் 44 நொடிக்குப் போய் உட்காரும். குறிப்பேடு இல்லாத கோப்பையாவது சந்தேகிப்போம். பொய்யான நேரத்தைத் துல்லியமாகச் சொல்லும் கோப்பை யார் சந்தேகிப்பார்? உலகமெங்கும் பயன்படும் இலவசக் கருவியான எஃப்எஃப்எம்பெக்கும், வேவ் எழுதும்போது தனியாகக் கேட்டாலன்றிப் பெக்ஸ்ட்டை எழுதுவதில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்?

‘கோப்பின் தேதியும் மணியும்தான் கணினியில் தெரிகிறதே’ என்பது அடுத்த சமாதானம். கணினியில் பெரும்பாலும் தெரிவது கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நேரம், அதாவது பதிவு முடிந்த நேரம். மாற்றினால் மாற்றிய நேரம். கைபேசிச் செயலி வழியே அனுப்பினால் பல சமயம் பெயரும் போய்விடும்.

இனி கூத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். நேரக்குறி நள்ளிரவில் பூச்சியமாகும் கடிகாரம். அலுவலக நேரத்தில் படம்பிடிக்கிறவர்களுக்கு இது பிரச்சினையே அன்று. திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தோ இரவு 9, 10 மணிக்குக் களரி கட்டித் தொடங்கி விடியலில் முடிவது. நான்கு தடப் பதிவு, 24 பிட், 48,000 சாம்பிள் என்றால், 2 ஜிபிக்கு ஒரு கோப்பாக வெட்டும் கருவி ஏறத்தாழ 1 மணி 2 நிமிடத்துக்கு ஒரு துண்டு எழுதும். ஓர் இரவுக்கு எட்டுத் துண்டுகள். தேதியைப் பாராமல் நேரக்குறியை மட்டும் வைத்து அடுக்கினால் நள்ளிரவுக்குப் பிந்திய துண்டுகள் முன்னாலும், 10 மணித் துண்டுகள் கடைசியிலும் வந்து நிற்கும். கர்ணன் மாண்ட பிறகு கட்டியங்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்வான். குறிப்பேட்டிலுள்ள தேதி இருந்தால் இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அதைத்தான் துடைத்துவிட்டோமே!

கதை தெரிந்தவர் காதால் கேட்டே அடுக்கிவிட முடியாதா என்று கேட்கலாம். பெரிய துண்டுகளை அடுக்கிவிடலாம். துண்டுக்குள்ளே பொருத்துவதில்தான் மோசம் போகிறோம். நடிகர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், நடிகர் திரும்ப எடுக்கிறார், மீண்டும் வாங்குகிறார்கள். அதே அடி மூன்று முறை, நான்கு முறை வரும். மூன்றாம் முறை ஒரு சொல் மாறும், ஒரு விளி கூடும், மத்தளம் கேட்டதற்கு விடையாக ஓர் அசை நீளும். நேரக்குறியின்றி வாயசைவைப் பார்த்துப் பொருத்தும் தொகுப்பாளர், முதல் முறைப் படத்துக்கு மூன்றாம் முறை ஒலியை வைத்துவிடுவார். திரையில் பார்க்கிறவருக்குத் தெரியாது. தொகுப்பாளருக்கும் தெரியாது. அந்த இரவில் எவரும் அப்படிப் பாடவில்லை என்பது பாடியவருக்கு மட்டுமே தெரியும்; படம் வெளிவரும்போது அவர் இருக்கிறாரோ இல்லையோ.

இதைத்தான் பொய்ப்பாடம் என்கிறோம். அச்சில் வந்த கூத்து நாடக நூல்கள் பல உண்டு. ஆனால் களத்தில் பாடப்படுவது அச்சில் உள்ளதோடு நிற்பதில்லை. கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் செய்தியைக் கலக்கிறான். நடிகர் எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பார்த்து ஒரு வரியை வளைக்கிறார். அச்சிலுள்ளதற்கும் ஆட்டத்துக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாட்டுக்காகத்தானே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம்? அதையே குழப்பிவிட்டால் பதிவு எதற்கு? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டதைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். சுவடியின் ஏட்டெண்ணைச் சுரண்டிவிட்டு, கயிற்றையும் உருவிவிட்டு, ‘ஏடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன ஐயா’ என்று அவரிடம் ஒருவர் கட்டைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பெயர்த்தெழுதுவது குற்றமன்று. பெயர்த்தெழுதியவன் ஏட்டெண்ணை விட்டுவிட்டு மூலத்தை அடுப்பில் போடுவதுதான் குற்றம். மெமரி கார்டை மறுநாள் நிகழ்ச்சிக்காக அழிக்கிறவர் செய்வது வேறென்ன?

மென்பொருளே அலைவடிவங்களை ஒப்பிட்டுப் பொருத்திவிடும், நேரக்குறி பழைய காலத்துச் சடங்கு என்பார் சிலர். கேமராவில் பதிவான ஒலியையும் தனிக் கருவியில் பதிவான ஒலியையும் ஒப்பிட்டு இணைக்கும் வசதி இன்று பல தொகுப்பு மென்பொருள்களில் இருக்கிறது, பயனுள்ளதுதான். ஆனால் கூத்துக் களத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கூட்டத்துக்குப் பின்னால், முப்பத்தைந்து மீட்டர் தள்ளி. கோடை இரவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. நடிகரின் குரல் கேமராவை அடையப் பத்தில் ஒரு நொடி, அதாவது இரண்டரை ஃபிரேம் ஆகும். மேடையருகே இருந்த மைக்கின் துல்லியமான ஒலியை, கேமராவில் தாமதமாகப் பதிந்த ஒலியோடு ஒட்டவைத்தால், துல்லியமானதும் இரண்டரை ஃபிரேம் தாமதமாகும். சலங்கை தரையில் விழுந்த பிறகு அடி கேட்கும். கேமராவுக்குப் பக்கத்துத் தென்னையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தால் கணக்கு இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு, மேலே சொன்னபடி ஒரே அடி நான்கு முறை வரும்போது மனிதக் காதைப் போலவே மென்பொருளும் ஏமாறும்.

நேரக்குறி தவறே செய்யாத தெய்வம் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகும் கடிகாரம் எட்டு மணி நேரத்தில் 7 ஃபிரேம் நகர்ந்துவிடும். இடையில் ஒருமுறையாவது கருவிகளை மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும். கேமராவை 23.976 ஃபிரேமில் ஓடவிட்டு, ஒலிக்கருவியை 25இல் வைத்தால் மணிக்கு 3.6 நொடி விலகும். விடியும்போது அரை நிமிடம். பெக்ஸ்ட் குறிப்பேட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற செய்திக்கு இடமே இல்லை. ஐஎக்ஸ்எம்எல் என்னும் பிந்தைய குறிப்பேட்டில்தான் அதுவும், காட்சியின் பெயரும், தடங்களின் பெயர்களும் இருக்கின்றன. மாற்றும்போது அதையும் காப்பாற்ற வேண்டும். கைபேசியில் எடுத்த படமென்றால் ஃபிரேம் வேகமே நிலையாக இராது. முதலில் அதைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். இத்தனை பாடும் உண்டு. ஆனால் இவையெல்லாம் எண் இருந்தால் திருத்தக்கூடிய பிழைகள்.

ஏன் இப்படி நேர்கிறது என்று யோசித்தால், சோம்பலைவிட ஆழமான ஒரு காரணம் எங்களுக்குத் தெரிகிறது. தமிழ்ப் படத்தொகுப்பு வளர்ந்தது டப்பிங்கை நம்பிய திரையுலகில். கேமராக்கள் இரைச்சலிட்டன, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த ஒலிக்குப் பைலட் டிராக் என்று பெயர், பின்னால் நடிகர் ஒலிக்கூடத்தில் நின்று அதைக் கேட்டு மறுபடி பேசுவார், பிறகு அது குப்பைக்குப் போகும். 2001இல் ‘லகான்’ வந்தபோது, இவ்வளவு பெரிய படத்தில் நேரடி ஒலிப்பதிவா என்று வியந்த நாடு இது. அந்தப் பள்ளியில் பயின்றவர் கைக்கு நம் கூத்துப் பதிவு போகும்போது அதையும் பைலட் டிராக் என்றே அவர் கை நினைக்கிறது. வாயும் ஒலியும் ஒருவாறு சேர்ந்தால் போதும். மீதியைப் பின்னணி இசை மூடிவிடும். அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அவர் தொழில் அப்படி. ஆனால் எண்பது வயதுக் கூத்தாசிரியரை ஒலிக்கூடத்துக்கு அழைத்துப் போய் அந்த இரவை டப்பிங் பேச வைக்க முடியுமா?

எங்கள் கோபமெல்லாம் ஆவணப்படுத்துகிறோம் என்று அறிவித்துக்கொண்டு நிதி வாங்குகிறவர்கள் மேலும், நிதி கொடுக்கிறவர்கள் மேலும்தான். அறிக்கையில் எத்தனை மணி நேரம் பதிவு என்று கேட்கிறார்கள். முடிந்த படத்தைக் கேட்கிறார்கள். திரையிடலுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மூலக் கோப்பு எங்கே, அதன் குறிப்பேடு முழுதாக இருக்கிறதா என்று கேட்டவர் எவரையும் நாங்கள் பார்க்கவில்லை. ஒலி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கமான ஐயாசா, சேமிப்புக்குப் பிராட்காஸ்ட் வேவ் வடிவம், 24 பிட், குறைந்தது 48,000 சாம்பிள் என்று வழிகாட்டி வகுத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இதைப் படித்து ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்க நிதி எதுவும் தேவையில்லை.

இடமில்லை என்ற சாக்கையும் எண்ணிப் பார்த்துவிடலாம். நான்கு தடங்கள், எட்டு மணி நேரம்: 16.6 ஜிபி. ஒரு டெராபைட் வன்தட்டில் அறுபது இரவுகள் அடங்கும். அதே இரவை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 461 எம்பி. மிச்சம் பிடிக்கிற இடத்தின் விலை, ஓர் இரவுக் கூத்துக்கு வாடகைக்கு எடுக்கும் குழல்விளக்குகளின் விலைகூட வராது.

மாற்றமே கூடாது என்பதல்ல எம் கட்சி. எழுத்துப்பெயர்ப்புக்காகக் கைபேசியில் கேட்க எம்பி3 வைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் வைத்திருக்கிறோம். நான்கு தடக் கோப்பைத் தொகுப்பாளருக்காக நான்கு ஒற்றைத் தடக் கோப்புகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் அதே எண் இருக்க வேண்டும், அவ்வளவே. கேமராவின் ஒலித்தடத்தில் கீச்சென்று பதிவாகியிருக்கும் நேரக்குறியை மென்பொருள் படிக்கும் எண்ணாக மாற்றத்தான் வேண்டும். மாற்றியபின் சரிபார்க்க பிடபிள்யூஎஃப் மெட்டாஎடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்புகளைத் திறந்து குறிப்பேட்டிலுள்ளதை அட்டவணையாகக் காட்டும், அட்டவணையைத் தனியே சேமித்துக்கொள்ளலாம். நள்ளிரவுச் சிக்கலுக்கும் வழியுண்டு. கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிவைத்தால் இரவு 10 மணி, காலை 10 ஆகப் பதிவாகும். நடு ஆட்டத்தில் பூச்சியம் வராது. தள்ளிவைத்த செய்தியை விவரணையில் எழுத 256 எழுத்து தாராளம்.

வருகிற பங்குனியில் தம் ஆவணப்படத்துக்காக எம் பழைய பதிவுகள் சிலவற்றை ஒரு குழு கேட்டிருக்கிறது. எம்பி3 போதும், மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றார்கள். மூலக் கோப்புகளை வன்தட்டில் தருவதாகவும், படம் முடிந்ததும் தொகுப்பில் பயன்படுத்திய ஒலிக்கோப்புகளை எங்களிடம் காட்ட வேண்டும் என்றும் பதில் எழுதியிருக்கிறோம். முதலில் 10 மணிக் கோப்பைத்தான் திறப்போம். 380 கோடியே 16 லட்சத்துக்குப் பதில் அங்கே பூச்சியம் இருந்தால், நன்றிப் பட்டியலில் எங்கள் பெயர் வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்திருக்கிறோம்.